முதுகு கேட்கும் மெத்தையும் பை தாங்கும் விலையும்

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பிரட்டுக்குப் போய், இருட்டோடு இருட்டாக மரத்தடியில் நிற்கும் நம் பாட்டாளி இரவில் எதன் மேல் படுக்கிறார் என்று யாராவது கேட்டதுண்டா? சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று எத்தனையோ பேசுகிறோம். படுக்கையைப் பற்றிப் பேசுவதென்றால் மட்டும் நமக்கே ஒரு கூச்சம். "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்ங்க, நமக்குப் பாய் போதும்" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்.

ஆனால் முதுகு பணக்காரன், ஏழை என்று பார்ப்பதில்லை. சொல்லப்போனால் மெத்தை அதிகம் தேவைப்படுவது நம்மவர்களுக்குத்தான். காண்டாவில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த தோள், குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிய இடுப்பு, இருபது இருபத்தைந்து கிலோ செம்பனைக் குலையைத் தூக்கி வண்டியில் எறிந்த முதுகு, இவை எல்லாம் இரவு ஆறேழு மணி நேரத்தில்தான் ஆற வேண்டும். அது ஆறாவிட்டால் மறுநாள் வேலையில் குறையும். சில வருஷத்தில் ஆளே குறைந்துபோவார்.

இன்று ஜொகூரில் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. நம்மவர்களில் பலர் குலாய், மாசாய், ஸ்கூடாய், குளுவாங் பக்கம் மலிவு வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். பிள்ளைகள் பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். வீடு மாறும்போது முதலில் வாங்க நினைக்கும் சாமான்களில் கட்டிலும் மெத்தையும் உண்டு. ஏமாறுவதும் அங்கேதான். ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் நம் பழைய இலவம்பஞ்சு மெத்தை. இலவு காத்த கிளி என்று நாம் பேசுகிறோமே, அந்த இலவுதான். மலாய்க்காரர்கள் இதைக் கெக்காபு என்பார்கள். பட்டணத்து மெத்தைக் கடையில் கோடு போட்ட கெட்டித் துணியில் அடைத்துத் தைத்துத் தருவார்கள். இந்தப் பஞ்சின் இழை உள்ளே வெற்றுக் குழாய் போன்றது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள்ளே அடைத்தது இதைத்தான். சூடு தங்காது, கனமும் இல்லை. குறை என்னவென்றால், படுக்கப் படுக்க அமுங்கிப்போகும். இடுப்பு இருக்கும் இடத்தில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாகிவிடும். நம் பாட்டிமார்கள் வாரா வாரம் வெயிலில் போட்டு, பிரம்பால் தட்டி, உதறி வைத்தார்களே, அது சும்மா செய்த வேலை இல்லை. அப்படிச் செய்தால்தான் பஞ்சு மறுபடி உப்பும். செய்ய ஆளும் நேரமும் இருந்தால் இலவம்பஞ்சு இன்றைக்கும் மோசமில்லை. இல்லாவிட்டால் இரண்டே வருஷத்தில் அது துணி சுற்றிய கட்டாந்தரைதான்.

அடுத்து ஒரு நம்பிக்கை. "முதுகு வலியா? பலகையில படு. தரையில படு. மெத்தை கூடவே கூடாது." இதைச் சொல்லாத பெரியவர் நம்மில் கிடையாது. ஒரு காலத்தில் டாக்டர்களும் சொன்னார்கள். ஸ்பெயின் நாட்டில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை எடுத்து, ஒரு பிரிவுக்குக் கெட்டியான மெத்தையும் மற்றொரு பிரிவுக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்து, 90 நாள் கழித்துக் கேட்டார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. 2003-ஆம் ஆண்டு 'லேன்செட்' என்ற மருத்துவ இதழில் இந்த முடிவு வந்தது. பலகை போன்ற கெட்டியும் வேண்டாம், ஆள் உள்ளே புதைந்து போகும் மெதுவும் வேண்டாம். பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை உண்டு: பள்ளம் விழுந்த மெத்தையைவிடத் தரையே மேல்தான்.

நடுத்தரம் என்றால் எது? அது ஆளுக்கு ஆள் மாறும். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள அம்மாவுக்குக் கெட்டியாகத் தெரிவது, தொண்ணூறு கிலோ அண்ணனுக்கு மெதுவாகத் தெரியும். இதற்குக் கையாலேயே ஒரு சோதனை இருக்கிறது. மல்லாந்து படுங்கள். இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. கையே நுழையாமல் இடுப்பு அமுங்கிக் கிடந்தால் ரொம்ப மெது. கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. பிறகு ஒருக்களித்துப் படுங்கள். கூட வந்தவர் பின்னால் நின்று முதுகெலும்பைப் பார்க்கட்டும். கழுத்திலிருந்து இடுப்புவரை கோடு நேராக இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் படுத்துவிட்டு எழுந்தால் ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷமாவது கிடக்க வேண்டும்.

இங்கேதான் நம் தாய்மார்கள் தயங்குகிறார்கள். "பொம்பளைங்க எப்படிங்க கடையில, ஆம்பளைங்க முன்னால படுக்கிறது? பார்க்கிறவங்க என்னா நினைப்பாங்க?" என்று ஒரு அம்மா நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் என்ன நடக்கிறது? வீட்டுக்காரர் போய், கையால் இரண்டு தரம் அமுக்கிப் பார்த்து, "நல்லா இருக்கு, ஏத்துங்க" என்று வாங்கி வந்துவிடுகிறார். அதில் படுத்து முதுகு ஒடிவது அந்த அம்மாவுக்கு. நாம் சொல்லும் வழி இதுதான்: பக்கத்து வீட்டு அக்கா தங்கைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள். பெண் விற்பனையாளர் இருந்தால் அவரைக் கேளுங்கள். சேலை என்றால் ஒரு போர்வையைக் கையோடு கொண்டுபோய் மேலே போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள். வெட்கத்துக்கு விலை வைத்தால் அது கட்டுப்படியாகாது!

இப்போது சரக்கு விஷயம். கடையில் பேர் பலவாகச் சொல்வார்கள். உள்ளே இருப்பது நாலைந்து சாமான்தான்.

மலிவானது நுரை மெத்தை, கடைக்காரர்கள் 'ஃபோம்' என்பது. இது பெட்ரோலியத்திலிருந்து வரும் ரசாயனப் பொருள். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வித்தியாசம் எடையில் இருக்கிறது. வாளியைத் தூக்கியே இத்தனை லிட்டர் பால் என்று சொல்லக்கூடியவர்கள் நாம். நமக்கு இது பெரிய விஷயமா? 3 அடி அகலம், 6 அடி 3 அங்குல நீளம், 4 அங்குலத் தடிப்புள்ள ஒற்றை மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். உறையைத் தவிர்த்து மூன்று கிலோவுக்கும் குறைவாக இருந்தால், உள்ளே இருப்பது மட்டமான நுரை. கன மீட்டருக்கு 16 கிலோ என்ற கணக்கு நுரை அது. சில மாதத்தில் பள்ளம் விழும். ஐந்து கிலோவுக்கு மேல் இருந்தால் கன மீட்டருக்கு 30 கிலோ அளவுள்ள நுரை. அது சில வருஷம் தாங்கும். "இது எத்தனை டென்சிட்டி?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் தூக்கிப் பாருங்கள். தராசு இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது நம் சொந்தப் பால்! ரப்பர் மெத்தை, லேடெக்ஸ் மெத்தை. இது வந்த கதை நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1929-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெர்மிங்ஹாம் நகரத்து டன்லப் கம்பெனியில் மர்ஃபி என்ற விஞ்ஞானி ரப்பர் பாலைச் சோப்போடு சேர்த்து நுரைக்க அடித்துப் பார்த்தார். வீட்டில் மனைவி கேக் மாவு அடிக்க வைத்திருந்த கருவியைத்தான் எடுத்தார் என்று சொல்வார்கள். நுரைத்த பாலை அப்படியே கட்டிப்படுத்தும் மருந்தைச் சேர்த்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைத்தால் துளைத் துளையாக மெத்தை வந்துவிட்டது. ஆசிட் ஊற்றித் தோம்பில் பால் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத வித்தை இல்லை. அங்கே காற்று இல்லாமல் உறைகிறது, இங்கே காற்றோடு உறைகிறது, அவ்வளவுதான்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தோம். மேலே சொன்ன அதே 4 அங்குல ஒற்றை மெத்தை முழு ரப்பராக இருந்தால் சுமார் 13 கிலோ எடை இருக்கும். மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். ஆக, ஒரு மெத்தைக்கு ஏறக்குறைய 40 லிட்டர் பால் வேண்டும். ஒரு மரம் ஒரு வெட்டுக்கு 40 கிராம் காய்ந்த ரப்பர் தருவதாக வைத்துக்கொண்டால், முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டினால்தான் ஒரு மெத்தை. அப்படி மெத்தை மெத்தையாகப் பாலை வெட்டி ஸ்டோருக்கு அனுப்பியவர்கள் பாயில் படுத்தே வயசானார்கள். இன்றைக்கு நம் நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைகளுக்கே தாய்லாந்திலிருந்து பால் வருகிறது என்பது வேறு கதை.

ரப்பர் மெத்தை நல்லதா? நல்லது. துள்ளும், தாங்கும், பள்ளம் விழ நாளாகும். விலைதான் அதிகம். அதனால் இதில் தில்லுமுல்லும் அதிகம். மேலே ஒரு அங்குலம் ரப்பர், அடியில் மலிவு நுரை, வெளியில் 'லேடெக்ஸ்' என்று பெரிய எழுத்து! "முழுசும் ரப்பரா, மேலே மட்டுமா? எத்தனை அங்குலம்? இயற்கைப் பாலா, செயற்கை ரப்பர் கலந்ததா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். உறைக்கு ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். இங்கேயும் எடை பொய் சொல்லாது.

தேங்காய் நார் மெத்தை என்று ஒன்று உண்டு. சுருட்டிய நாரில் ரப்பர் பாலைத் தெளித்து அமுக்கியது. கெட்டியாக இருக்கும், காற்றோட்டம் நன்றாக இருக்கும். நம் ஊர் வெக்கைக்கு ஏற்றது. இடுப்பு பருத்தவர்கள், ஒருக்களித்தே படுப்பவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். மேலே இரண்டு அங்குலம் நல்ல நுரையோ ரப்பரோ சேர்ந்து வந்தால் நடுத்தர விலையில் அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம் என்பது நம் அபிப்பிராயம்.

ஸ்பிரிங் மெத்தையில் இரண்டு வகை. ஒன்று எல்லாக் கம்பியும் ஒன்றோடொன்று பின்னியது. ஒருவர் புரண்டால் மற்றவரும் ஆடுவார். இன்னொன்று ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனிப் பையில் இருப்பது, விலை கூட. வீட்டில் ஒருவர் நாலு மணிக்கு எழுந்து போக, மற்றவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவதாக இருந்தால் தனிப்பை ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

மெத்தையை மட்டும் பார்த்துக் கட்டிலை மறந்துவிடக்கூடாது. தொய்ந்துபோன கம்பி வலைக் கட்டிலில் ஆயிரம் வெள்ளி மெத்தையைப் போட்டாலும் அது ஏணைதான். பலகைச் சட்டம் நெருக்கமாக இருக்க வேண்டும். மூவார் வட்டாரம் நாற்காலி, மேசை, கட்டில் செய்து உலகத்துக்கே அனுப்புகிற இடம். ஜொகூரில் இருக்கும் நமக்கு உறுதியான மரக்கட்டில் தேடுவது பெரிய கஷ்டமில்லை. வயசானவர்களுக்கு என்றால் கட்டிலும் மெத்தையும் சேர்ந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படியவேண்டும். கைக்குழந்தைக்கோ மெதுவான மெத்தை ஆபத்து. கெட்டியாக, சமமாக இருப்பதுதான் வேண்டும். முகத்தருகே தலையணை வேண்டாம்.

இனி காசு. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி ஆனது. அதில் வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம், மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக மெத்தைக்கு என்ன மிஞ்சும்? ஆகவே விலையை இரவுக் கணக்கில் பாருங்கள். 200 வெள்ளிக்கு வாங்கிய மெத்தை ஒரே வருஷத்தில் பள்ளம் விழுந்தால் இரவுக்கு 55 காசு. 900 வெள்ளி மெத்தை ஆறு வருஷம் வந்தால் இரவுக்கு 41 காசு. மலிவு எது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அந்த 900 வெள்ளியைத் தவணையில் போட்டால் கணக்கே மாறிவிடும். "மாசம் 75 வெள்ளிதான் அண்ணே, 18 மாசம்" என்பார் கடைக்காரர். 75-ஐ 18-ஆல் பெருக்குங்கள். 1,350! மெத்தையின் பாதி விலை சும்மா போகிறது. அதற்குப் பதில் மாதம் 75 வெள்ளியை வீட்டிலேயே ஒதுக்கி வைத்தால் ஒரு வருஷத்தில் ரொக்கமாக வாங்கிவிடலாம். "அதுவரைக்கும் எதுல படுக்கிறது?" என்பீர்கள். இருக்கிற பழைய மெத்தையின் மேல் இரண்டு அங்குல நல்ல நுரைத் தட்டு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதுவே புது மெத்தை மேலும் உதவும். பெரிய சைஸ் ஆசையும் வேண்டாம். அறை பத்தடி என்றால் ஆறடி மெத்தை போட்டுவிட்டு நடப்பது எங்கே? அதே பணத்துக்கு 5 அடி அகலத்தில் தரமான சரக்கு கிடைக்கும்.

வீடு தேடி வரும் ஆசாமிகள் விஷயத்தில் ஜாக்கிரதை! காந்த மெத்தை, கதிர் மெத்தை, படுத்தால் இனிப்பு நீர் போகும், ரத்தக் கொதிப்பு இறங்கும் என்று பேசி ஆயிரக்கணக்கில் கறப்பவர்கள் உண்டு. மெத்தை முதுகைத் தாங்கும். வியாதியைத் தீர்க்காது. கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பயப்படாதீர்கள். 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி, வீட்டு வாசலில் நடந்த 300 வெள்ளிக்கும் மேற்பட்ட விற்பனையை 10 வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் ரத்துச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியது சொன்னபடி இல்லாவிட்டால் பயனீட்டாளர் நியாயமன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளிவரை கேட்கலாம். அங்கே வக்கீல் வைத்து வாதாட முடியாது, இரு தரப்புக்கும்தான்! கையில் வேண்டியது ரசீது. ரசீது இல்லாத மெத்தை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம்.

பழைய மெத்தை வாங்கலாமா? கட்டில் வாங்கலாம், மெத்தை வேண்டாம். தையல் ஓரத்தில் கருப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி குடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தரம் வீட்டுக்குள் வந்தால் பலகை இடுக்கு, சுவர் வெடிப்பு என்று பரவிவிடும். சாதாரணமாகக் கடையில் விற்கும் பூச்சி மருந்துக்கு அவை பல இடங்களில் பழகிப்போய்விட்டன. மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தோட்டத்து மருந்தைக் கொண்டுவந்து தெளிப்பதும் உயிருக்கே உலை வைக்கும். மூட்டைப்பூச்சிக்கு ஆகாதது சூடு. துணிகளையும் உறைகளையும் கொதிக்கும் வெந்நீரில் ஊறப்போடுங்கள். கட்டில் இடுக்குகளில் வெந்நீர் ஊற்றுங்கள்.

தொழிற்சாலை விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கு ஒரு சேதி. "அங்க பிளைவுட்டு மேல ஒரு துணி மாதிரி மெத்தைங்க, எலும்பு குத்துது" என்று ஒரு தம்பி சொன்னார். அது விதி இல்லாத காட்டுத்தனம் இல்லை தம்பி, விதி இருக்கிறது. தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், 1990-இன் சட்டம் 446, திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் கீழ் வந்த விதிகளின்படி, விடுதியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 1.7 சதுர மீட்டருக்குக் குறையாத தனிக்கட்டில், குறைந்தது 4 அங்குலத் தடிப்புள்ள மெத்தை, தலையணை, போர்வை, பூட்டு உள்ள அலமாரி ஆகியவற்றை முதலாளி கொடுக்க வேண்டும். 3 அடிக்கு 6 அடி 3 அங்குலம் என்றால் 1.74 சதுர மீட்டர். ஆக, சாதாரண ஒற்றைக் கட்டில் அளவு சட்டத்துக்குச் சரி. இரண்டடுக்குக் கட்டில் என்றால் மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 0.7 மீட்டருக்குக் குறையக்கூடாது. அடிக்கோல் ஒன்று எடுத்துப் போய் அளந்து, படம் பிடித்து, லேபர் ஆபீசில் கொடுங்கள். நம் மொழி தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தால் அவருக்கும் சேர்த்து அளந்து கொடுங்கள். சட்டத்தில் அவரும் தொழிலாளிதான்.

வாங்கியாகிவிட்டது. லோரியில் வந்து இறங்கிவிட்டது. இனிமேல்தான் நம்மவர்கள் செய்யும் வேடிக்கை. "புதுசுங்க, அழுக்காயிடும்" என்று மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக்கைக் கழற்றாமலே படுப்பது! இந்த வெக்கையில் வியர்வை போக இடமில்லாமல் உடம்பு புழுங்கும், மெத்தைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைகள் நனைத்துவிடும் என்ற பயம் இருந்தால் மேலே துணியும் அடியில் நீர் புகாத படலமும் உள்ள உறை விற்கிறது, அதைப் போடுங்கள். சிமெண்டுத் தரையில் மெத்தையை நேரே விரிக்காதீர்கள்; அடியில் பலகைச் சட்டமாவது இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்புங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்தால் தும்மலும் இழுப்பும் உள்ள பிள்ளைகளுக்கு நல்லது.

வெயிலில் போடுவதில் மட்டும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். இலவம்பஞ்சையும் நார் மெத்தையையும் நல்ல வெயிலில் காயப்போடலாம். ரப்பர் மெத்தையைப் போடக்கூடாது. மரத்தடியில் விட்டுப்போன ஒட்டுப்பால் வெயிலில் கிடந்து முதலில் பிசுபிசுத்து, பிறகு நொறுங்கிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே பால்தானே மெத்தையிலும் இருக்கிறது. அதை ஜன்னல் ஓரமாக, நிழலில், காற்று வரும் இடத்தில் சாய்த்து வைத்தால் போதும்.